களவுக்குத் திரும்புதல்: தாணேத் தம்பதியரின் வாரக்கடைசி மலையேற்றம் குறித்து ஓர் ஆய்வு

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரில் கிளம்பி, 34 கிலோமீட்டர் ஓடி, தாணேயில் வந்து நின்றது. 14 பெட்டிகள், 400 விருந்தினர், 21 குண்டு மரியாதை. பள்ளிக்கூடத்தில் இவ்வளவும் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று என்ன கிழமை என்பதை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. நாமே பின்னோக்கி எண்ணிப் பார்த்தோம். சனிக்கிழமை. அதுவும் பிற்பகல் மூன்றரை மணி வாக்கில். ஆக, இந்த நாட்டில் ரயில் ஓடத் தொடங்கியதே வாரக்கடைசி உல்லாசத்துக்குத்தான். அதில் தொங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போவதெல்லாம் பிற்காலத்து இடைச்செருகல்.

ஊரே வாரக்கடைசிக்கு வந்து இறங்கிய இடத்தில் குடியிருப்பவர்கள் வாரக்கடைசிக்கு எங்கே போவது? இதற்கு விடை மூன்று வருஷம் முன்னாலேயே கிடைத்துவிட்டது. 1850 மே மாதம் தாணே கலெக்டர் ஹியூ பாய்ன்ட்ஸ் மாலெட், கச்சேரிக் கோப்புகளை மூடிவைத்துவிட்டு மலையேறி, மாத்தேரானைக் கண்டுபிடித்தார். அங்கே காலங்காலமாக நடமாடிய பழங்குடி மக்களுக்கு அது தொலைந்துபோயிருந்ததாகத் தெரியவில்லை, இருந்தாலும் கண்டுபிடித்தார். தாணேயில் புழுங்குகிறது, கிளம்பு மலைக்கு என்று முதலில் முடிவெடுத்தவர் கலெக்டரே. கோட்பந்தர் ரோட்டு அடுக்குமாடிகளிலிருந்து சனிக்கிழமை காலை பையோடு இறங்கும் அத்தனை பேரும் அவர் வழித்தோன்றல்கள்.

ஊர்ப்பெயர் பற்றி ஒரு சொல். மராத்தியில் 'மாத்தா' உச்சி, 'ரான்' காடு, ஆகவே உச்சிக்காடு என்பார்கள். ஏற்பதற்கில்லை. 'மாது ஏற, அவன் ஏறான்' என்பதே தேய்ந்து மாத்தேரான் ஆயிற்று என்பது நம் துணிபு. மோட்டார் வண்டிகளுக்கு ஊருக்குள் அனுமதி இல்லாததால், தஸ்தூரி நாக்காவில் காரை விட்டுவிட்டுச் செம்மண் பாதையில் நடப்பவர்களைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். மனைவி முப்பதடி முன்னால் போய்க்கொண்டிருப்பாள். கணவன் ஒரு மரத்தைப் பிடித்தபடி, மூச்சு வாங்குவது தெரியாமலிருக்கக் காட்சியை ரசித்துக்கொண்டிருப்பான்.

இனி ஆய்வுக்கேள்வி. 1998இல் வந்த 'குலாம்' இந்திப் படத்தில் ஆமிர் கான் சொந்தக் குரலில் பாடி, நாயகியைக் கண்டாலாவுக்கு அழைக்கிறார். அங்கே போய் என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்கிறாள். பாட்டின் வெற்றியில் கேள்வி அமுங்கிவிட்டது. சுற்றலாம், ஆடலாம் என்கிற ரீதியில் வருவதையெல்லாம் பதில் என்று ஆராய்ச்சி உலகம் ஒப்புக்கொள்ளாது. பதினோரு வருஷம் மணவாழ்க்கை நடத்தி, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனையும், இருபது வருஷத்து வீட்டுக் கடனையும் உடைய தம்பதியிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மலையில் அவர்களுக்கு என்ன வேலை?

தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் களவியலை மூன்றாம் இயலாகவும் கற்பியலை நான்காம் இயலாகவும் வைத்தார். ஊருக்குத் தெரியாமல் சந்திப்பது களவு. ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டபின் வருவது கற்பு. மூன்றிலிருந்து நான்குக்குப் போகலாம். நான்கிலிருந்து மூன்றுக்கு வர வழியுண்டா என்று அவரும் சொல்லவில்லை, இளம்பூரணர், நச்சினார்க்கினியர் முதலான உரைகாரர்களும் மூச்சுவிடவில்லை. அந்தத் திரும்பு பாதை இருக்கிறது, அது கல்யாண், அம்பர்நாத் வழியாக நேரல் போகிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். முருகனுக்கு இந்தத் தொல்லை இல்லை. கற்புக்குத் தெய்வானை, களவுக்கு வள்ளி என்று பிரித்து வைத்துக்கொண்டான். செட்டா நகர்க் கோயிலில் படியேறிப் போய் அவனைக் கும்பிடும் செம்பூர், தாணேத் தமிழர்கள் ஒரே மனைவியிடம் இரண்டையும் நடத்தியாக வேண்டும்.

வீட்டுச் சூழலையும் பதிவு செய்யாமல் இருக்க முடியாது. ஆய்வாளரின் தகப்பனார் தாராவியில் பத்துக்குப் பத்து கோலியில் குடும்பம் நடத்தியவர். ஒரே அறை. அதில் திருநெல்வேலியிலிருந்து வேலை தேடி வந்த சித்தப்பாக்கள் இருவரையும் சேர்த்து ஒன்பது பேர். பரண்மேல் இருவர், வாசற்படியில் ஒருவர் தலை. அந்த அறையில் களவும் கிடையாது, கற்பும் கிடையாது. தண்ணீர் வரும் நேரம் மட்டும்தான் உண்டு. அப்படியிருக்க ஆய்வாளர் எவ்வாறு பிறந்தார் என்பது சுவையான கேள்வி. ஆனால் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே ஆராயக்கூடாது என்பது ஆராய்ச்சி நெறி. தகப்பனாரைப் பற்றி ஆராயக்கூடாது என்பது நம் வீட்டு நெறி. மேற்செல்வோம். இப்போது தாணேயில் இரண்டு படுக்கையறை இருக்கிறது, கதவிருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. தாழ்ப்பாளைப் போட்டால் பையன் தட்டுகிறான். பையன் தூங்கினால் ஆச்சிக்கு இருமல் வருகிறது. இருமல் நின்றால் சொசைட்டி வாட்ஸப் குழுவில், பி விங் லிஃப்டில் யார் குப்பை போட்டது என்று விசாரணை தொடங்குகிறது.

சரி, மலைதான் வேண்டுமென்றால் யேவூர் பக்கத்தில் இல்லையா? தாணே ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ தூரம். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு, சிறுத்தை நடமாடும் மலை. அதோடு அசல் குறிஞ்சியே அங்கே பூக்கிறது. மராத்திக்காரர்கள் கார்வி என்று சொல்லும் செடி, கொடைக்கானல் நீலக்குறிஞ்சிக்கு ஒன்றுவிட்ட தங்கை. அக்காவுக்குப் பன்னிரண்டு வருஷக் கணக்கு, தங்கைக்கு எட்டு. 2016இல் பூத்தது, 2024இல் பூத்தது; இனி 2032. முதற்பொருள், கருப்பொருள் எல்லாம் வாசலில் வந்து கிடக்கின்றன. ஆயினும் ஒரு தம்பதியும் காதல் செய்ய யேவூருக்குப் போவதில்லை. ஏன்? காலை நடைக்கு அங்கே சொசைட்டி செக்ரட்டரி வருகிறார். அலர் தூற்றும் ஊருக்குள்ளேயே குறியிடம் அமைத்த தலைவனை எந்தப் புலவரும் பாடவில்லை. ஆக, இவர்கள் தேடிப் போவது மலையை அல்ல. தம்மைத் தெரியாத மனிதர்களை. மலை அதற்கு ஒரு சாக்கு. இது நம் முதல் முடிவு.

முதற்கட்டக் களப்பணி லோனாவ்லாவில். 2002இல் முழுமையாகத் திறந்த, 94.5 கிலோமீட்டர் மும்பை – புணே எக்ஸ்பிரஸ் சாலையில், கண்டாலா மலைப்பாதையில் சனிக்கிழமை காலை சிக்கியவர்களுக்குப் பாலைத் திணை என்றால் என்னவென்று தனியாகப் பாடம் நடத்த வேண்டாம். அதை விட்டுவிடுவோம். பயன் தந்தது விடுதி. பெயர் எதற்கு, ஒரு விடுதி. வரவேற்பில் இருந்த இளைஞர் இரண்டு ஆதார் அட்டையையும் வாங்கிப் புரட்டினார், முகம் மாறியது. மராட்டிய மண்ணில் பெயர் என்றால் தன் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று அடுக்கு. நமக்கோ ஓர் எழுத்து. எனக்கு என் அப்பாவின் எழுத்து, மனைவிக்கு அவள் அப்பாவின் எழுத்து. இரண்டும் ஒட்டவில்லை. அடுத்து அவர் கண் அவள் கழுத்தில் கறுப்பு மணியைத் தேடியது. தமிழ்த் தாலி ரவிக்கைக்குள் இருக்கும், வெளியில் காட்டும் பழக்கமில்லை. "ஹஸ்பண்ட் வைஃப்?" என்றார், குரலைத் தாழ்த்தி. பதினோரு வருஷம் சேர்ந்து மளிகைச் சீட்டு எழுதிய இருவரை, ஊர் திரண்டு வந்து மொய் எழுதிய இருவரை, அந்த இளைஞர் ஒரே பார்வையில் நான்காம் இயலிலிருந்து மூன்றாம் இயலுக்குத் தள்ளிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவளைப் பார்த்தால், துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படி வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆய்வின் திருப்புமுனை அது. அறை வாடகை அதிகம், வெந்நீர் வரவில்லை. அவை ஆய்வுக்குப் புறம்பானவை.

இரண்டாம் கட்டம் மாத்தேரான். நேரலிலிருந்து மலைமேல் ஏறும் இரண்டடிப் பாதை ரயிலை அப்துல் ஹுசைன் ஆதம்ஜி பீர்பாய் 1904இல் தொடங்கி 1907இல் ஓடவிட்டார். பதினாறு லட்ச ரூபாய் செலவு. ஏறத்தாழ 21 கிலோமீட்டர் வழியில் எண்ணி மாளாத வளைவுகள், ஆனால் சுரங்கம் ஒன்றே ஒன்று. அதன் பெயர் 'ஒன் கிஸ் டனல்'. ரயில் உள்ளே நுழைந்து வெளியே வருவதற்குள் ஒரு முத்தத்துக்குத்தான் நேரமிருக்கும் என்பது காரணப்பெயர்.

தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்றக்கூடாது. கூப்பிட்டால் கேட்கும் தொலைவைக் கூப்பிடு தூரம் என்று அளந்தவர்கள் நாம். நேரத்தால் தொலைவைச் சொல்லி நாழிகை வழி என்றோம். அதே வரிசையில் முத்த வழி என்று ஓர் அளவையைச் சேர்ப்பதில் இலக்கணத் தடை இல்லை. இதைத் துல்லியமாகக் கணக்கிட முடியும். மொத்த வழிக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகிறது. அப்படியானால் ரயில் நொடிக்குச் சுமார் 2.3 மீட்டர் நகர்கிறது. சுரங்கத்தில் எத்தனை நொடி என்று மட்டும் தெரிந்தால், நொடியை 2.3ஆல் பெருக்கி ஒரு முத்தத்தின் நீளத்தை மீட்டரிலேயே சொல்லிவிடலாம். இதற்காக ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கினேன். போனிலேயே இருக்கிறதே என்றாள் மனைவி. ஆய்வுக் கருவி தனியாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன்.

பருவம் முக்கியம். மழைக்காலத்தில்தான் மலை அழகு, அருவி விழும், மேகம் காலடியில் வரும் என்று ஜோடிகள் ஜூலையில் படையெடுக்கின்றன. அப்போது அமன் லாட்ஜுக்கும் மாத்தேரானுக்கும் இடையே மட்டும் ரயில் போய்வரும்; சுரங்கம் உள்ள கீழ்ப்பகுதியை ஜூன் நடுவில் மூடி, அக்டோபர் நடுவில் திறப்பார்கள், மண் சரிந்த வருஷங்களில் இன்னும் தாமதமாக. அக்டோபர் நடு என்பது ஐப்பசிப் பிறப்பு. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது கூதிர். மத்திய ரயில்வேயில் யாரோ தொல்காப்பியம் படித்திருக்கிறார்கள்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை குறித்தோம். அம்மாவிடம் கர்ஜத்தில் ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம் என்று சொன்னேன். மனைவியும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டே கிளம்பினாள். கொள்கைப் பிடிப்புக்காக மலையேறும் ரயிலில் பட்டு கட்டியவள் என்ற முறையில் அவள் பெயர் ஆய்வு உலகில் நிற்க வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். எங்கள் பையில் இருந்தவை: மிளகாய்ப்பொடி தடவிய இட்லி பன்னிரண்டு, மாட்டுங்காவில் வாங்கிய நேந்திரங்காய் வறுவல், குரங்குக்குப் பயந்து வறுவலைச் சுற்றிய துண்டு, வாந்தி மாத்திரை, அவளுடைய சல்வார், என்னுடைய ரத்த அழுத்த மாத்திரை. குறிஞ்சிப்பாட்டு முழுதும் தோழி செவிலியிடம் உண்மையை எடுத்துச் சொல்லும் அறத்தொடு நிற்றல்தான். எங்கள் வீட்டில் தோழி வேலையைப் பார்க்கக்கூடியவன் பையன். அவனுக்கு ஒரு கிரிக்கெட் மட்டை வாக்களித்து வாயை அடைத்தோம்.

கர்ஜத் லோக்கலில் நேரல், அங்கே டிக்கெட் வரிசையில் பகற்குறி, பின் ரயில். பெட்டியில் எதிரே ஒரு குஜராத்திக் குடும்பம், ஐந்து குழந்தைகள். ஜும்மாபட்டி தாண்டியது. குழந்தைகள் சுரங்கத்துக்காக முன்கூட்டியே கத்திப் பழகிக்கொண்டிருந்தன. வாட்சைக் கையில் பிடித்து, விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டேன். இருட்டு வந்தது. பொத்தானை அழுத்தினேன்.

அடுத்த நிலையத்தில் ரயில் நின்றபோது, "எத்தனை செகண்டுங்க?" என்று கேட்டாள். பார்த்தேன். வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தும் பொத்தானை அழுத்தவில்லை. முத்த வழி எத்தனை மீட்டர் என்ற கட்டம் இவ்வேட்டில் வெறுமையாக விடப்படுகிறது.

அப்போது போன் அடித்தது. அம்மா.

"ஏல, கல்யாணம் முடிஞ்சுதா?"

பையன் மட்டையைப் பெரிதாக நினைக்கவில்லை என்று புரிந்தது. "இல்லம்மா, அது வந்து..."

"பேரன் எல்லாத்தையும் சொல்லிட்டான். அங்க குளுருமே, அவளுக்குச் சுவெட்டரு எடுத்தியா?"

"எடுத்திருக்கேன்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது. பிறகு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொந்து இன்னும் இருக்காலே?" என்றாள்.