திட்டுவதென்றால் திட்டித் தொலையுங்கள்

போன வாரம் அப்ரைசல் முடிந்தது. எனக்கு ‘மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ போட்டிருக்கிறார்கள். ஆபீஸ் போகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. துக்கம் விசாரிக்க நினைப்பவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம்.

மேனேஜர் தங்கமான பையன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவர் எல்.கே.ஜி.யில் அழுதுகொண்டு இருந்திருப்பார். கதவைச் சாத்திவிட்டு, “நத்திங் நெகட்டிவ், சார்” என்றுதான் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரியாதா? “சில ஏரியாஸ் ஆஃப் இம்ப்ரூவ்மென்ட் இருக்கு. மத்தபடி நீங்க நம்ம டீமுக்கு ஒரு அசெட்.” அசெட் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் ஆபீஸில் அசெட் என்றால் முதுகில் பார்கோடு ஒட்டிய நாற்காலி, பிரின்டர் வகையறா. வருஷா வருஷம் தேய்மானம் எழுதி, கடைசியில் ஸ்கிராப்புக்காரரைக் கூப்பிடுவார்கள்.

  

நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவரைக் குறை சொல்ல வேண்டியிருந்தால் நாக்கு தானாகவே இங்கிலீஷுக்குத் தாவிவிடுகிறது. சம்பந்தி வீட்டு சாம்பார் ‘டிஃபரன்ட்டா’ இருக்கும். பெண் பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்று முடிவாகிவிட்டால், அவர்கள் ‘வெரி நைஸ் ஃபேமிலி’ ஆகிவிடுவார்கள். குறும்படம் எடுத்த நண்பர் பிரிவியூ தியேட்டர் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். என்ன சொல்வோம்? “கேமரா சூப்பர்.” கதை இல்லை என்று அர்த்தம். “மேக்கிங் நல்லா இருக்கு.” நடிப்பும் இல்லை. “குட் அட்டெம்ப்ட்.” இனிமேல் எடுக்காதே அப்பா. “ஆடியன்ஸ் எப்படி எடுத்துக்கறாங்கன்னு பார்க்கணும்.” போட்ட பணத்தை மறந்துவிடு.

அந்தக் காலத்துப் படங்களில் வரும் பணக்கார அப்பாக்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. பட்டு கவுன், வாயில் பைப், பின்னால் வளைந்து இறங்கும் மாடிப்படி. “யூ ராஸ்கல்! நான்சென்ஸ்! கெட் அவுட்!” தீர்ந்தது விஷயம். காதலன் தான் எங்கே நிற்கிறோம் என்று புரிந்துகொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்று பாடுவான். ‘தம்பி, உங்க லவ்ல சில ஏரியாஸ் ஆஃப் இம்ப்ரூவ்மென்ட் இருக்கு’ என்று அவர் சொல்லியிருந்தால் இடைவேளையே வந்திருக்காது.

சர்க்கார் உத்தியோகத்துக்குப் போயிருந்தால் தப்பித்திருக்கலாமே என்கிறாள் மனைவி. அங்கே கதை இன்னும் மோசம். எல்லைச் சாலைகள் அமைப்பில் தேவ் தத் என்று ஓர் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர். பதவி உயர்வு வேண்டுமானால் ரகசிய அறிக்கையில் ஐந்து வருஷமும் ‘வெரி குட்’ இருந்தாக வேண்டும். இவருக்கு 1993-94க்கு மட்டும் ‘குட்’ போட்டுவிட்டார்கள். ‘குட்’ என்பது கெட்ட குறிப்பு இல்லையே என்று அதை அவரிடம் சொல்லவும் இல்லை. பதவி உயர்வு போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2008-ல் நீதிபதிகள் சேமாவும் கட்ஜுவும் தீர்ப்புச் சொன்னார்கள்: ‘குட்’ கூட ஒருவருக்குப் பாதகமாகலாம், எந்தக் குறிப்பானாலும் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குள் அவர் ரிட்டயரே ஆகியிருந்தார். நல்லவர் என்று எழுதியதை எதிர்த்து ஒரு மனிதர் டெல்லி வரை படியேற வேண்டியிருந்திருக்கிறது, பாருங்கள். பிற்பாடு மத்திய அரசு வார்த்தைகளை நம்பாமல் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட ஆரம்பித்துவிட்டது.

மனுஷனை விடுங்கள். மண்ணுக்கு இருக்கிற மரியாதையைக் கேளுங்கள். டெஸ்ட் மேட்ச் முடிந்ததும் மேட்ச் ரெஃப்ரி பிட்சுக்கு ரேட்டிங் போடுவார். அப்போதெல்லாம் ஆறு படி: வெரி குட், குட், ஆவரேஜ், பிலோ ஆவரேஜ், புவர், அன்ஃபிட். 2018-ல் கடைசி மூன்றுக்கும் டீமெரிட் புள்ளி வைத்தார்கள். 1, 3, 5. ஐந்து வருஷத்தில் 5 புள்ளி சேர்ந்தால் அந்த மைதானத்துக்கு 12 மாதம் சர்வதேச ஆட்டம் கிடையாது. எவ்வளவு தெளிவு! ‘யூ ஆர் ஆன் அசெட்’ என்று எந்த மைதானத்தையும் தடவிக்கொடுப்பதில்லை.

இந்தூரில் 2023 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுடன் ஆடினோம் அல்லவா, முதல் நாளே 109-க்குச் சுருண்டோமே, அந்த பிட்சுக்கு கிறிஸ் பிராட் ‘புவர்’ போட்டார். 3 புள்ளி. பிசிசிஐ அப்பீல் செய்தது. ஐசிசியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆட்டத்தின் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். ரெஃப்ரி விதிப்படிதான் செய்திருக்கிறார், ஆனாலும் ‘புவர்’ என்னும் அளவுக்குப் பந்து தாறுமாறாக எழும்பவில்லை என்று ‘பிலோ ஆவரேஜ்’ ஆக்கினார்கள். 2 புள்ளி மிச்சம். செம்மண்ணுக்கு அப்பீல் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, வாதாட உலகத்திலேயே பணக்கார வாரியம் இருக்கிறது. என் அப்ரைசலுக்கு யார் வீடியோ போட்டுப் பார்த்தார்கள்? பார்த்தால் நான் கேன்டீனில் இருப்பதுதான் தெரியும் என்பது வேறு விஷயம்.

இதற்கு நேர்மாறாக மெல்பர்ன். 2017 டிசம்பர், ஆஷஸ். குக் 244 அடித்து அவுட் ஆகாமல் நின்றார். ஐந்து நாளும் பந்து எழும்பவில்லை, மேட்ச் டிரா. அதற்கும் ‘புவர்’தான். துள்ளினாலும் புவர், படுத்துக்கிடந்தாலும் புவர். எனக்கு இது பழக்கம். மீட்டிங்கில் வாயைத் திறக்காத வருஷம் ‘நீட்ஸ் டு பி மோர் வோக்கல்’ என்று எழுதினார்கள். திறந்த வருஷம் ‘நீட்ஸ் டு லிசன்’. நான் மெல்பர்னாகவும் இருந்திருக்கிறேன், இந்தூராகவும் இருந்திருக்கிறேன்.

இப்போது ஐசிசிக்கும் எச்.ஆர். புத்தி வந்துவிட்டது. ஆறு படியை நான்காகச் சுருக்கிவிட்டார்கள்: வெரி குட், சாட்டிஸ்ஃபேக்டரி, அன்சாட்டிஸ்ஃபேக்டரி, அன்ஃபிட். ‘ஆவரேஜ்’ போச்சு, ‘புவர்’ போச்சு. தடைக்கு இனி 6 புள்ளி சேர வேண்டும். மண்ணின் மனம் நோகக் கூடாதாம்.

அது கிடக்கட்டும். பிட்சுக்கு மார்க் போட்டார்கள், இந்தூரில் நம்மவர்கள் ஆடிய ஆட்டத்துக்கு யார் போட்டார்கள்? ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் டிவியில் கமென்டேட்டர் உருகினார், “ஹீ வில் பி டிஸப்பாயின்டட் வித் தட்.” ஸ்பின் ஆடத் தெரியவில்லை என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. அவனுக்கு என்ன டிஸப்பாயின்ட்மென்ட்? மேட்ச் பீஸ் அக்கவுன்டில் ஏறிவிடும். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, மிக்ஸர் பாக்கெட்டைப் பிரித்து டிவி முன்னால் உட்கார்ந்தவன் நான். ஆஸ்திரேலியாவுக்கு 76 ரன் டார்கெட், ஒரே விக்கெட் விழுந்தது, உணவு இடைவேளைக்கு முன்னாலேயே கை குலுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மிச்ச நாள் முழுக்க மனைவியோடு பரண் ஒழித்தேன்.