தாராளமா தொறந்து வையி, கண்ணு

திருப்பூர் ஆபீசுல இருக்கற கம்ப்யூட்டரை நம்மூட்டுத் திண்ணையில உக்காந்துக்கிட்டே இயக்கோணும், அதுக்கு ராவுட்டர்ல என்ன பண்ணோணும் அப்புச்சின்னு கேக்கறே. யூடியூப்புல எவனோ ஒருத்தன் மூணு நிமிசத்துல சொல்லிக் குடுத்துப்போட்டானாமே? அப்பறம் எதுக்கு டெலிபோன் கம்பம் ஏறி எறங்கியே காலத்தை ஓட்டுன கெழவன்கிட்ட வர்றே? சரி, வந்துட்டே. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டயா? கேக்கலையா, நல்லது. கணக்கு காணாமப் போனாப் பொறவு அவரே உன்னையக் கேட்டுக்குவாரு.

அந்தப் பையன் சொன்னபடியே செய்யி. ராவுட்டர் பக்கத்துக்குள்ள போ. பேரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். அதைப் போயி மாத்திப்போடாதே, டப்பாவைப் பிரிச்சன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும். 2016ல மிராய்னு ஒரு திருட்டு புரோகிராம் கெளம்புச்சு. பெரிய மந்திரமெல்லாம் அதுகிட்ட இல்ல. 60 சொச்சம் பேரு, பாஸ்வேர்டு ஜோடிதான். அதை வெச்சுக்கிட்டே ஒலகம் பூராவும் கேமரா, ராவுட்டர்னு லட்சக்கணக்குல புடிச்சுப்போட்டுது. அந்த வருசம் அக்டோபர்ல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவுல மணிக்கணக்கா முடங்குனதுக்கு அந்தப் படைதான் காரணம். உன்ற ராவுட்டரும் அப்படியொரு சோலிக்கு ஒத்தாசை பண்ணட்டுமே!

போர்ட் ஃபார்வர்டிங்னா என்னன்னு புரியாமயே நம்பரை அடிச்சு வெச்சிருக்கே பாரு, அதுக்குத்தான் தைரியம் வேணும். அந்தக் காலத்துல மில்லுகள்ல பிபிஎக்ஸ் போர்டு மாட்டுவோம். வெளியூர்க்காரனுக்குத் தெரியறது ஒரே நம்பர். உள்ளாற இருவது எக்ஸ்டென்சன். போர்டுல உக்காந்திருக்கற அம்மிணி சொருகி உட்டாத்தான் கணக்குப்புள்ளை மேசையில மணி அடிக்கும். ராவுட்டர்தான் அந்த அம்மிணி. "வெளிய இருந்து 3389ன்னு கேட்டு வந்தா 192.168.1.50க்குப் போட்டு உடு"ன்னு நீ எழுதி வெக்கறயே, அதுதான் சங்கதி. வின்டோசுல ரிமோட் டெஸ்க்டாப் காதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற நம்பர் 3389.

அதுக்கும் முந்தி ஆபீசு கம்ப்யூட்டர்ல இருக்கறது வின்டோஸ் ஹோமா, ப்ரோவான்னு பாரு. ஹோம்ல இருந்து வெளிய போயி இன்னொண்ணைப் பாக்கலாம், அதுக்குள்ள எவனும் ரிமோட் டெஸ்க்டாப்புல வர முடியாது. பொறவு அந்த 50ங்கற அட்ரசை ராவுட்டர்ல அந்தக் கம்ப்யூட்டருக்குன்னே ஒதுக்கி வெக்கோணும். இல்லாட்டி இன்னிக்கு 50, நாளைக்கு 53. நீ வர்ற வழி பிரிண்டர்ல போயி நிக்கும்.

இதெல்லாம் பண்ணியும் வேலை செய்யலைன்னு நேத்து ராத்திரி ராவுட்டரை நாலு தட்டுத் தட்டுனயாமே. அதுகிட்ட என்ன கோவம்? ராவுட்டர் பக்கத்துல வேன் ஐபின்னு ஒண்ணு போட்டிருக்கும். அது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிக்குதான்னு பாரு. ஆரம்பிச்சா, இணையம் குடுக்கறவன் உன்ற போர்டுக்கு அக்கட்டால அவனொரு பெரிய போர்டு வெச்சிருக்கான்னு அர்த்தம். ஒரு வெளி நம்பரை ஊரு பூராவும் பங்கு போட்டுக்கறீங்க. நீ உன்ற அம்மிணிகிட்ட எத்தனை எழுதிக் குடுத்தாலும், மணி அந்தப் பெரிய போர்டோட நின்னு போகும். அவன் மேல குத்தம் சொல்ல முடியாது. 32 பிட் அட்ரசு மொத்தமே 430 கோடிக்குள்ளதான், ஆசியாப் பக்கத்துப் பங்கு 2011லயே அடித்தட்டுக்கு வந்துபோச்சு. கூடக் காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்கு, இல்லாட்டி வேற வழி பாரு. மூணு நிமிசக்காரன் இதைச் சொன்னானா? சொல்ல அவனுக்கு நேரமேது, "லைக் பண்ணுங்க, சேர் பண்ணுங்க"ன்னு சொல்றதுக்கே ஒரு நிமிசம் போயிருக்கும்.

சரி, காசு கட்டி வாங்கிட்டே. மணி அடிக்குது. உனக்கு மட்டுமா அடிக்குது? ரெண்டு நாள் கழிச்சு ஈவென்ட் வியூவரைத் தொறந்து, செக்யூரிட்டிங்கற எடத்துல 4625ன்னு தேடிப் பாரு. தப்பான பாஸ்வேர்டுல நுழையப் பாத்த கணக்கு அது. பெருந்துறைப் பக்கம் ஒருத்தரு கடையில அப்படித் தேடிப் பாத்தோம். திரை உருண்டுக்கிட்டே இருக்குது, முடிவு வரலை. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், யூசர், டெஸ்ட்னு தூங்காம மாத்தி மாத்திக் கூப்புட்டிருக்கானுவ. அவரு பாஸ்வேர்டு கடைப் பேரும் 123ம். அப்பறம் ஒரு திங்கக்கெழமை காலையில டாலி கோப்புப் பேருக்கெல்லாம் பின்னால வால் மொளைச்சு, ஒண்ணும் தொறக்காம நின்னுச்சு. திரையில இங்கிலீசுல ஒரு கடுதாசி, பிட்காயின் அனுப்பச் சொல்லி. பேக்கப் வெச்சிருந்த டிரைவும் அதே கம்ப்யூட்டர்ல சொருகியே கெடந்ததால அதுக்கும் வால் மொளைச்சிருந்துச்சு.

நீ கெட்டிக்காரன், 3389ஐ 33890ன்னு மாத்திப்போட்டே. இருக்கறதே 65,535 நம்பர். தட்டிப் பாக்கற மிசினுக்குக் கையா வலிக்குது? நல்ல பாஸ்வேர்டு வெச்சுட்டேங்கறயா? 2019 மே மாசம் புளூகீப்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, அதுக்குப் பாஸ்வேர்டே வேண்டாம். அஞ்சு வருசத்துக்கு முந்தியே கைகழுவி உட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் திரும்பி வந்து ஒட்டுப் போட்டுக் குடுத்துதுன்னா, பயம் எவ்வளவுன்னு பாத்துக்க.

இப்பச் சித்தெ பக்கத்துல வா. 3389ஐ எடுத்துப்போடு. ராவுட்டர்ல விபிஎன் சர்வர்னு இருக்குதான்னு பாரு. வயர்கார்டு இருந்தா அதையே போடு. அது 2020ல இருந்து லினக்சு கெர்னல்லயே சேந்திருக்குது. வழக்கமா 51820ங்கற நம்பர்ல உக்காந்திருக்கும். சாவி இல்லாதவன் தட்டுனா "யாரு?"ன்னுகூடக் கேக்காது, பொட்டாட்டம் கெடக்கும். தட்டுறவனுக்கு அங்க ஒண்ணு இருக்குதுன்னே தெரியாது. உன்ற லேப்டாப் சாவியோட வந்தாத்தான் உள்ளாற உடும். அப்பறம் ஆபீசுல உக்காந்த மாதிரியே 50ஐக் கூப்புடு. வெளி ஐபி அடிக்கடி மாறுனா டைனமிக் டிஎன்எஸ்ல ஒரு பேரு வாங்கிக்க. காசு கட்டலை, பெரிய போர்டுக்குப் பின்னாலதான் இருக்கேன்னா டெயில்ஸ்கேல் போடு. அது உள்ளாற இருந்து வெளிய போயிக் கைகோத்துக்கும், ராவுட்டர்ல தொளையே போட வேண்டாம்.

ஒண்ணு மறந்துபோடாதே. ஊட்டுலயும் 192.168.1, ஆபீசுலயும் 192.168.1ன்னு இருந்துச்சுன்னா, ஆபீசு 50ஐக் கூப்புட்டா உன்ற லேப்டாப் நம்மூட்டு டீவியைத் தேடிக்கிட்டு நிக்கும். ஆபீசை 192.168.77ன்னு மாத்திப்போடு.

கரண்டு போயி வந்தா கம்ப்யூட்டர் தானா எந்திரிக்கறாப்புல பயாசுல வெச்சுரு, ஸ்லீப்பையும் நிறுத்திரு. இல்லாட்டி வாட்ச்மேனைக் கூப்புட்டுப் பட்டனை அமுக்கச் சொல்லோணும், அவரு பேன் சுவிட்சை அமுக்குவாரு.

இத்தனையும் சரியா அமைஞ்சா வர்ற வெனை வேற. நோம்பியன்னைக்கு எலை போட்டு உக்காரும்போது முதலாளி போன் பண்ணி, "ஊட்டுல இருந்தேதான் பாக்கலாமே, அந்த ஜிஎஸ்டி பில்லு மட்டும்"னு இழுப்பாரு. அதுக்கும் வழி இருக்குது. உன்ற கணக்கு இன்ன கெழமை, இன்ன மணியில இருந்து இன்ன மணி வரைக்கும்தான் செல்லும்னு வின்டோசுல கட்டி வெக்கலாம், நெட் யூசர்ங்கற கட்டளையில. திங்கள்ல இருந்து சனி, காலையில 9 டு ராத்திரி 8னு போட்டு வெச்சுக்க. ஞாயித்துக்கெழமை கூப்புட்டாருன்னா, "சிஸ்டம் உள்ள உட மாட்டேங்குதுங்க"ன்னு சொல்லு. பொய்யும் இல்ல பாரு.