மூன்று வயதில் முத்தான கையெழுத்து: பெற்றோருக்கு ஒரு கையேடு

பிள்ளைக்கு இரண்டரை வயது முடிந்துவிட்டதா? எதிர்வீட்டுப் பிள்ளை இசட் வரைக்கும் எழுதுகிறதாமே? பதறாதீர்கள். நீங்கள் கொஞ்சம் தாமதம்தான். ஆனாலும் இதில் சொல்லியிருப்பதை ஒன்று விடாமல் செய்தால், யுகேஜி முடிவதற்குள் நோட்டைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளையை உங்கள் வீட்டிலும் உருவாக்கிவிடலாம்.

முதலில் நல்ல நாள். விஜயதசமியை விட்டுவிடாதீர்கள். கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கே போக முடிந்தால் விசேஷம். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பிள்ளையைத் தாத்தா மடியில் உட்காரவைத்து, விரலைப் பிடித்து 'அ' போடுங்கள். பிள்ளை இரண்டு கையாலும் அரிசியை அளையும், ஒரு பிடியை வாயில் போடும், கலகலவென்று சிரிக்கும். மறக்காமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தும் சிரிப்பும் ஒரே படத்தில் இனி விழாது. திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் இதே வேலையை மணலில் செய்தார்கள். விரலால் மணலில் எழுதி எழுதிக் கை படிந்த பிறகுதான் ஓலையும் எழுத்தாணியும். நமக்கு அவ்வளவு பொறுமை ஏது? மறுநாளே அரிசியை உலையில் போட்டுவிட்டு நாலு கோடு நோட்டை எடுங்கள்.

சிலேட்டு வேண்டவே வேண்டாம். சிலேட்டில் தப்பு அழிந்துபோகும். பிள்ளை எச்சில் தொட்டு அழிக்கும், கோவை இலையைத் தேடிக்கொண்டு வேலிப்பக்கம் போகும், பல்பத்தில் பாதியைத் தின்றுவிடும். கடைசியில் கையில் ஒரு சான்றும் மிஞ்சாது. நோட்டில்தான் சிவப்பு மை நிற்கும்.

பிள்ளை பென்சிலை முஷ்டிக்குள் பிடித்து, தோளிலிருந்து கையை ஆட்டிக் கிறுக்கும். அந்த வயதில் அப்படித்தான் பிடிக்கும் என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விவரம் தெரிந்த டாக்டராக இருந்தால் மணிக்கட்டைப் பற்றியும் பேசுவார்: அங்கே எட்டுச் சின்ன எலும்புகள், பிறக்கும்போது எட்டும் வெறும் குருத்தெலும்பு, மூன்று வயதில் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு மூன்றுதான் தெரியும், எட்டாவது எலும்பு தெரிய எட்டு பத்து வயதுகூட ஆகும் என்பார். எல்லாம் உண்மைதான். எலும்பு வரும்போது வரட்டும். அட்மிஷன் காத்திருக்குமா? பிள்ளைக்குப் பின்னால் குனிந்து, அந்தச் சின்னக் கையை உங்கள் கைக்குள் அடக்கி, மூன்று விரலைப் பென்சிலில் பொருத்தி அழுத்துங்கள். நகக்கண் வெளுக்கும் அளவுக்குப் பிடி இருந்தால் சரியான பிடி.

எந்த எழுத்தில் தொடங்குவது? சந்தேகமென்ன, 'அ'. உள்ளே ஒரு சுழி, சுழியைச் சுற்றி ஒரு வளைவு, கீழே இறங்கித் திரும்பி, குறுக்கே ஒரு கோடு, கடைசியில் நெட்டுக்குத்தாக ஒன்று. 'ட' இரண்டே கோடு, 'ப' மூன்றே கோடு, இவற்றில் தொடங்கினால் கை பழகும், 'படம்', 'பட்டம்' என்று உடனே வார்த்தையும் கிடைக்கும் என்று பழைய ஆசிரியர்கள் யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும். 'ட' எழுதிக் காட்டிய பிள்ளைக்கு எந்தச் சித்தி கைதட்டியிருக்கிறாள்?

அடுத்தது எண்ணிக்கை. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. போதாது. கர்சிவில் மறுபடியும் 26, 26. மொத்தம் 104. தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. இந்திக்குத் தனிக் கட்டணம். கர்சிவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்கள் அந்த எழுத்தில் அச்சாவதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆகவே பிள்ளை எழுதுவதை எங்கேயும் வாசிக்க முடியாது, வாசிப்பதை எழுதவும் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் தனித்தனியாக வளரும்.

ஒலியையும் கவனிக்க வேண்டும். தமிழில் எழுத்தைச் சொன்னால் ஏறக்குறைய ஒலியும் வந்துவிடும். அதனால்தான் அதற்கு மதிப்பில்லை. ஆங்கிலத்தில் 'கேட்'டுக்கும் 'சிட்டி'க்கும் முதலெழுத்து ஒன்றே. வீட்டில் பூனையை 'மியாவ்' என்று கூப்பிடும் பிள்ளையை ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்த்து, 'கஅ, ஆ, டஅ' என்று தினமும் சொல்லவையுங்கள். மூன்றையும் சேர்த்தால் பூனை வரும் என்று அது நம்பாது. நம்பாவிட்டால் என்ன, சொன்னால் போதும்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையில் 'மாண்டிசோரி' இருக்கிறதா என்று பாருங்கள். மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டிக் கொடுத்தால் பிள்ளை விரலால் தடவித் தடவிப் பார்க்கும், ஒருநாள் யாரும் சொல்லாமல் தானே எழுதத் தொடங்கும் என்றவர். பலகைக்குப் பொருத்தமான பெயர். உப்புத்தாளைப் பள்ளிக்குள் தேட வேண்டாம், அது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும்.

அங்கன்வாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அங்கே பாட்டுப் பாடுகிறார்கள், சத்துமாவு கொடுக்கிறார்கள், மதியம் தூங்கவும் வைக்கிறார்கள். கேட்டால் விளையாட்டு வழியாகப் படிப்பு என்பார்கள். உங்களைப் போன்ற பொறுப்பான பெற்றோர் மெட்ரிகுலேஷன் வாசலில் நின்றதால்தான், 2019-ல் அரசே 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது.

சட்டத்தைக் கண்டும் அசர வேண்டாம். சிபிஎஸ்இ பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஒன்றாம் வகுப்புக்குத்தானே சொன்னார்கள்? நம் பிள்ளை எல்கேஜி. போதாக்குறைக்கு அதன் பெயர் வீட்டுப்பாடமும் இல்லை, 'ஒர்க் ஷீட்'. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது. சரி, நீங்கள் தூக்குங்கள்.

இனி, தடுக்க வேண்டியவை. கையேட்டில் முக்கியமான பகுதி இதுதான். ஏனென்றால் நீங்கள் அசந்த நேரத்தில் பிள்ளை தானாகவே படிக்க ஆரம்பித்துவிடும்.

காலையில் ஆவின் பாக்கெட்டைப் பார்த்து, "இது பச்சை, நம்ம வீட்டுது நீலம்" என்று சொல்லி, மேலே உள்ள எழுத்தைத் தொட்டு "ஆவின்" என்று வாசிக்கும். பாராட்டிவிடாதீர்கள். பாடத்திட்டத்தில் பால் பாக்கெட் இல்லை. பஸ் நம்பர், கடைப் பலகை, பிஸ்கட் உறை எல்லாவற்றுக்கும் இதே விதிதான். வாசலில் அம்மா கோலம் போடும்போது பக்கத்தில் குந்தி, மாவை இரண்டு விரலால் கிள்ளிப் புள்ளி வைக்கும், கோணல்மாணலாகச் சுழி இழுக்கும். பென்சில் பிடிக்க வேண்டிய அதே விரல்கள், 'அ'வில் வரும் அதே சுழி. உடனே உள்ளே தூக்கிப் போய், புள்ளியை இணைக்கும் பயிற்சிப் புத்தகத்தை முன்னால் வையுங்கள். கடையில் விலைக்குக் கிடைக்கிறது.

பாட்டி கதை சொன்னால் மேற்பார்வை தேவை. பிள்ளை அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும். பாட்டி தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியை விட்டால், "இல்ல பாட்டி, நரி அப்புறந்தான் வரும்" என்று திருத்தும். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்துப் பக்கம் பக்கமாகச் சொல்லும். "எழுத்தைப் பார்த்துப் படி" என்று புத்தகத்தை வாங்கி நேராக வைத்துக் கொடுங்கள். கதை அத்தோடு நின்றுவிடும்.

எல்லாவற்றையும்விட அபாயமானது கிறுக்கல். ஒரு தாள் நிறைய நெளிநெளியாகக் கோடு இழுத்துக் கொண்டுவந்து, "தாத்தாவுக்கு லெட்டர்" என்று நீட்டும். தவறியும் "என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் விரலை வைத்து ஓட்டிப் படித்துக் காட்டும்: "தாத்தா, ஊருக்கு வா. வரப்போ நாய்க்குட்டி கொண்டு வா." மனசில் இருப்பதைத் தாளில் வைக்கலாம், தாள் அதை வேறொருவரிடம் சொல்லும் என்கிற விஷயம் அதற்கு ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். எழுத்து எதற்கு என்று தெரிந்த பிள்ளையை ஒரே எழுத்தை நூறு தடவை எழுதவைப்பது கஷ்டம். தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு நோட்டைத் திறங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தவர்களுக்கு நாலாம் வகுப்புவாக்கில் பலன் தெரியும். கையெழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும், பாடப் புத்தகம் தவிர வேறொன்றைப் பிள்ளை தொடாது. யாராவது காரணம் கேட்டால் செல்போன் என்று சொல்லுங்கள். கையெழுத்தும் சரியில்லை என்றால் கோடை விடுமுறைப் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. மே மாதம் இடம் கிடைக்காது. ஏப்ரலிலேயே பணத்தைக் கட்டிவிடுங்கள்.