மோகனம், அவ்வளவுதான்

2025 மார்ச் 8, சனிக்கிழமை இரவு. லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்ஃபனியை வாசித்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கெல்லாம் கே.கே. நகர் சிவன் பார்க்கில் அதன் விமர்சனம் வந்துவிட்டது.

"ரெண்டாவது பகுதி கொஞ்சம் இழுவை" என்றார் கைவீசி நடந்தவர்.

"இல்ல சார், அது வேணும்னே இழுத்தது. வெஸ்டர்ன்ல அப்படித்தான்" என்றார் கூட வந்தவர்.

இரண்டு பேரும் முந்தின நாள் இரவு கே.கே. நகரில்தான் இருந்தார்கள். ஒலிப்பதிவு யார் கையிலும் இல்லை. ஆனாலும் சிவன் சிலையைத் தாண்டுவதற்குள் நான்கு பகுதிகளையும் அலசி முடித்துவிட்டார்கள். கலைஞர் கருணாநிதி நகர் என்பது எங்கள் பேட்டையின் முழுப்பெயர். திரைப்பாட்டும் எழுதிய மனிதரின் பெயரை வைத்துக்கொண்டு பாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

பேசட்டும். ஆனால் எங்கள் ஆட்களிடம் இருப்பது இரண்டே கேள்விகள். ராகம் என்ன? எங்கேயிருந்து சுட்டது?

ராகக்காரர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். புதுப்பாட்டு ஒன்றை மொபைலில் போட்டுக் காட்டினால் கண்ணை மூடி, தொடையில் தட்டி, "மோகனம்" என்பார்கள். பாட்டு நல்லா இருக்கா என்று கேட்டால், "அதான் சொல்லிட்டேனே, மோகனம்." வியாதிக்குப் பெயர் சொன்னதோடு டாக்டர் ஃபீஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்ட மாதிரி இருக்கும் நமக்கு.

சுட்ட பாட்டுக்காரர்கள் இன்னும் இளையவர்கள், உழைப்பாளிகள். எந்த நாட்டிலோ எந்தக் காலத்திலோ யாரோ பாடிய ஒன்றை யூடியூபில் தேடிப் பிடித்து, சரியாக நாற்பத்திரண்டாவது வினாடியில் நிறுத்தி, "இப்ப கேளுங்க" என்பார்கள். கேட்டால் இரண்டிலும் டிரம்ஸ் இருக்கும்.

விமர்சனத்துக்குப் பஞ்சமான ஊரா இது? கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் விகடனில் சங்கீத வித்வான்களை வாங்கு வாங்கென்று வாங்கியவர். விமர்சகர் சுப்புடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாலே சபாக்காரர்களுக்கு வியர்க்குமாம். '16 வயதினிலே' படத்துக்கே விகடன் 62.5 மார்க்தான் போட்டது. அந்த அரை மார்க்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதையாக இருக்கிறது. எவரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எங்கள் கீழ் வீட்டுத் தம்பியிடம் அரை மார்க் கிடையாது. மாலையில் பாட்டு வெளியானால் காபி ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: 'வேற லெவல்' அல்லது 'மொக்கை'.

பழைய பாட்டு மறுபடி வரும்போதுதான் வேடிக்கை. வெளிநாட்டில் அட்டைப்பெட்டி, சிறு புத்தகம், இசைத்தட்டு என்று மறுவெளியீடு செய்வார்கள். நமக்குச் சண்டைக் காட்சி போதும். 1995-இல் வந்த 'அசுரன்' பாட்டு 2022-இல் 'விக்ரம்' படத்தில் எழுந்து வந்தது. 2000-இல் 'ஏழையின் சிரிப்பில்' படத்துக்குத் தேவா போட்டது, 2023-இல் 'லியோ' காபிக்கடையில் ஆடியது. 'குணா' 1991-இல் வந்தது. அதன் குகைப் பாட்டுக்கு 2024-இல் மலையாளப் படமான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மறுபிறவி கொடுத்தது.

"அங்கிள், இதெல்லாம் நீங்க அப்பவே கேட்டிருக்கீங்களா?" என்று வியந்தான் தம்பி.

கேட்டோம் தம்பி. திட்டவும் செய்தோம். தேவா பாட்டு டீக்கடையில் ஓடினால் "இதெல்லாம் ஒரு பாட்டா" என்று கிளாஸை வைத்துவிட்டுப் போனவரை எனக்குத் தெரியும். இப்போது அவர் ரிங்டோன் அதுதான். 1992-இல் 'ரோஜா' வந்தபோது, "கம்ப்யூட்டர் சத்தம் சார், ஆறு மாசம் தாங்காது" என்று அசோக் பில்லர் பஸ் ஸ்டாப்பில் அடித்துச் சொன்னவர், இப்போது ஒவ்வொரு ரஹ்மான் பாட்டுக்கும் "ரோஜா மாதிரி வருமா?" என்கிறார். அன்றைக்கே சொன்னீர்களே என்று ஞாபகப்படுத்தினால் வாக்கிங் வேகம் கூடிவிடும்.

நண்பர் ஒருவர் மறுவெளியீட்டு எல்.பி. வாங்கியிருக்கிறார். சூட்கேஸ் போல மூடித் திறக்கும் பிளேயரும் வாங்கியிருக்கிறார். வீட்டுக்கு அழைத்து, ஃபேனை நிறுத்தி, ஊசியை வைத்தார். முதலில் வந்தது கரகர சத்தம்.

"ஆஹா, கேட்டீங்களா! இதுக்குத்தான் சார் காசு."

இதே கரகரப்பு எண்பதுகளில் வந்தால் இசைத்தட்டைக் கடையில் திருப்பிக் கொடுத்துச் சண்டை போட்டிருப்போம்.

எனக்குத் தெரிந்து உருப்படியான விமர்சகர் ஒரே ஒருவர்தான். எண்பதுகளின் கடைசியில் எம்.ஜி.ஆர். நகர் மார்க்கெட் பக்கம் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்த அண்ணன். சின்னக் கடை. சுவர் முழுக்க எல்.பி. அட்டைகள், ஒரு டபுள் டெக், படவாரியாகப் பாட்டுகள் எழுதிய பழைய டைரி. வேண்டிய பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனால், காது மடலிலிருந்து பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பிப்பார்.

"இது வேணாம். பல்லவி நல்லாருக்கும், ரெண்டாவது சரணத்துல தூங்கிடுவே."

"எனக்குப் பிடிக்கும்ணே."

"ஒரு மாசம் பிடிக்கும். அப்புறம் ஃபார்வர்ட் பண்ணியே பட்டன் தேஞ்சுடும்."

அவர் கையைக் கட்டியது கேசட். அறுபது நிமிட டிடிகேயில் பக்கத்துக்கு அரைமணி. நாலரை நிமிடப் பாட்டு ஆறு அடங்கும். ஏழாவதைச் சேர்த்தால் சரணத்தில் அறுந்துவிடும். ஆகவே ஒன்று உள்ளே வர இன்னொன்று வெளியே போக வேண்டும். எது போகும் என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்லுகிற தைரியம் அவருக்கு இருந்தது. மிச்சமிருக்கும் மூன்று நிமிடத்தையும் வீணாக்க மாட்டார். தனக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் சேர்த்துவிடுவார். 1986-இல் வந்த 'ஹௌ டு நேம் இட்?' ஆல்பத்திலிருந்து ஒரு துண்டு எனக்கு அப்படித்தான் கிடைத்தது, கேட்காமலே, ஏ பக்கத்தின் வாலில். தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாஹுக்கும் இளையராஜா சமர்ப்பணம் செய்த ஆல்பம் அது என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மறுநாளே கேசட்டோடு போய் நின்றேன்.

"அண்ணே, இதுல யாரும் பாடவே இல்லையே?"

"மொதல்ல முழுசா கேளு. அப்புறம் பேசு."

காப்புரிமைச் சட்டப்படி அண்ணன் செய்தது குற்றம்தான். விமர்சனத்தில் குற்றம் சொல்ல முடியாது. இப்போது அந்த இட நெருக்கடி இல்லை. சரிகம நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த கார்வான் பெட்டியில் 5000 பாட்டுகள். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. எதையும் அடிக்க வேண்டிய அவசியமே இல்லாததால் எல்லாமே 'ஆஹா'தான்.

பழைய ஆல்பங்களை மறுபடி வெளியிடும் கம்பெனிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஒலியைச் சுத்தம் செய்யுங்கள், அட்டையைப் பளபளப்பாக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே உள்ளே ஒரு தாள் வையுங்கள். அந்தப் பாட்டு முதன்முதலில் வந்த வாரத்தில் டீக்கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் நம்மவர்கள் என்ன சொன்னார்கள் என்று அதில் அச்சடியுங்கள். கே.கே. நகருக்கு மட்டும் இரண்டு தாள் தேவைப்படும்.