மலம்புழாவில் ஒரு காகம்

கே: பறவை பார்க்கலாம் என்று பாலக்காடு மலம்புழா அணைப் பூங்காவுக்குப் போனேன். கண்ணில் பட்டது காகம்தான். அதை எங்கள் மொட்டை மாடியிலேயே பார்த்திருப்பேனே?
- பொள்ளாச்சி வாசகர்

ப: உங்கள் மொட்டை மாடிக் காகம் முங்கி மீன் பிடிக்குமா? தண்ணீரோரப் பட்டமரத்தில் இறக்கையை விரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்ததா? அப்படியானால் நீங்கள் பார்த்தது நீர்க்காகம்! வாத்தின் இறகு தண்ணீரை உதறிவிடும். இதன் இறகு நனைந்துவிடும். நனைவதால்தான் சுலபமாக மூழ்குகிறது. மூழ்கி எழுந்ததும் ஈரத்துணி போல வெயிலில் காய்கிறது.

பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தபோது, 1955இல் முதல்வர் காமராஜர் திறந்துவைத்த அணை அது. வயலுக்கென்று தேக்கிய தண்ணீரில் பறவைகளுக்கும் பங்கு கிடைத்தது எவ்வளவு நல்ல விஷயம்! அடுத்த முறை கூட்டம் சேருமுன், பைனாகுலரோடு போங்கள்.