கேள்வி – பதில்: கிட்டார் கம்பியும் கரைவலையும்

ரொக் கிட்டார்காரர் ஒருவரின் முதல் தனி அல்பம் நம்ம பக்கத்தில் எங்காவது உருவானது உண்டா? (சிலாபம் வாசகர்)

உண்டு, பாதி பம்பாயில். பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் 1968 ஜனவரியில் அங்கே வந்து இறங்கினார். ஜோ மாசொட் இயக்கிய ‘வொண்டர்வோல்’ படத்துக்கு இசை வேண்டியிருந்தது. படத்தை ஓடவிட்டு, ஸ்டொப்வொச் பிடித்து ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஷம்பு தாஸின் சிதார், ஷெனாய், தபேலா எல்லாம் கூடி வந்தன. அந்த ஆண்டு நவம்பரில் ‘வொண்டர்வோல் மியூசிக்’ வெளியானது. பீட்டில்ஸ் தொடங்கிய ஆப்பிள் நிறுவனத்தின் முதல் எல்பி இசைத்தட்டும் அதுதான்.

நல்ல ஸ்டூடியோ இல்லாமல் அல்பம் பற்றி நினைக்கவே கூடாது என்கிறார்களே? (புத்தளம் வாசகர்)

சொல்பவர்களை ஹரிசன் பதிவு செய்த அந்த பம்பாய் ஸ்டூடியோவுக்குள் ஒரு தடவை கூட்டிப்போக வேண்டும். கீழே கம்பனி அலுவலகம், மேலே ஒலிப்பதிவு. சத்தம் தடுக்க எதுவும் கிடையாது. மாலை ஐந்தரைக்கு அலுவலகம் விட்டால், படியில் தடதடவென்று இறங்குகிற காலடிச் சத்தம் மைக்குக்குள் விழும், பதிவை நிறுத்திவிடுவார்கள். காதைக் கொடுத்துக் கேட்டால் சில இடங்களில் தெருவில் போகும் டாக்சியும் கேட்கும் என்று ஹரிசனே சொல்லியிருக்கிறார். இருந்தது மோனோ பதிவுக் கருவி. அப்போது அந்தக் கம்பனியை நடத்திய பாஸ்கர் மேனன், இவருக்காக இரண்டு தடம் உள்ள ஸ்டீரியோ இயந்திரத்தைக் கல்கத்தாவிலிருந்து ரயிலில் கொண்டுவந்தார். மொத்தம் இரண்டே தடம். உங்கள் மடிக்கணினியில் எத்தனை தடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தனி அல்பம் என்றால் எல்லாவற்றையும் நானே வாசிக்க வேண்டுமா? (நுரைச்சோலை வாசகர்)

தேவையே இல்லை. ஹரிசனின் முதல் அல்பத்தில் அவர் பாட்டைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். லண்டனில் பதிந்த பகுதியில் எரிக் கிளாப்டன் ‘எடி கிளேட்டன்’ என்றும், ரிங்கோ ஸ்டார் ‘ரிச்சி ஸ்னேர்’ என்றும் பெயரை மாற்றிக்கொண்டு வாசித்தார்கள். யாரை அழைப்பது, யாரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானித்த காதுதான் ஹரிசனுடையது. முதல் அல்பத்துக்கு விரல் வேகத்தைவிட அந்தக் காது முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கிட்டார் வாங்கவே காசில்லை. (முந்தல் வாசகர்)

குவீன் குழுவின் பிரையன் மேயிடமும் இருக்கவில்லை. 1963இல் தகப்பனும் மகனுமாக ஒரு கிட்டாரைச் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துக்குப் பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம், உள்ளே மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அதை அவர் மீட்டுவது ஆறு பென்ஸ் நாணயத்தால். 1992இல் வந்த அவருடைய முதல் முழுத் தனி அல்பம் ‘பேக் டு த லைட்’ வரை, அதற்குப் பிறகும், அதே கிட்டார்தான்.

நாணயம் என்றதும் எனக்கு நம்ம சிரம்பையடிதான் ஞாபகம் வருகிறது. ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் அங்கே மஞ்சா என்ற தங்கள் பாட்டைப் பாடும்போது போத்தலை நாணயத்தால் தட்டுவார்கள். சிரட்டை, கரண்டி, றபான் எல்லாம் சேரும். புத்தளத்திலிருந்து சிறிது தூரம்தான். போய்க் கேட்டீர்களா?

கடற்காற்றில் கம்பி மாதக்கணக்குக்கூடத் தாங்குவதில்லை. துரு! (கற்பிட்டி வாசகர்)

வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் காய்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் துடையுங்கள். வியர்வை உப்பும் காற்று உப்பும் சேர்ந்துதான் கடிக்கின்றன. சுவரில் மாட்டாமல் பெட்டிக்குள் வையுங்கள். மருந்துப் போத்தலில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் நாலைந்தை உள்ளே போடுங்கள். பூச்சுப் பூசிய கம்பி விலை கூடத்தான், ஆனாலும் கற்பிட்டியில் அதுதான் மலிவு.

எங்கள் ஊரில் பதிவு செய்ய என்ன இருக்கிறது? கடலும் வலையும்தானே. (உடப்பு வாசகர்)

தம்பி, இந்தக் கேள்விக்குத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவை மறந்துவிட்டீர்களே! ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்த அத்தனை பேரும் வாங்கிப் பாடுகிறார்கள். வலை பாரமாக இருக்கும்போது பாட்டும் இழுபட்டுப் போகும். வலையின் மடி கரைக்குக் கிட்ட வரவரத் தாளம் முடுகும், குரல் ஏறும், கால் மணலில் புதையும். எந்த மெட்ரோனோமும் இதைக் கற்றுத் தராது. முன்பாட்டும் பின்பாட்டும் மாறி மாறி வருகிற இதே அமைப்பில்தான் அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர் வயலில் பாடினார்கள். அதிலிருந்து புளூஸ், புளூஸிலிருந்து ரொக். உங்கள் கிட்டாருக்கும் அம்பாவுக்கும் சொந்தம் உண்டு.

உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலை இழுக்கத் தொடங்கிய கரைகளில் அம்பாவுக்கு வேலை இல்லை. அது எனக்குத் தாங்க முடியாத கவலை. கிட்டாரைப் பிறகு சேர்க்கலாம். முதலில் அந்தக் குரல்களைப் பதியுங்கள்.

அதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? (அதே வாசகர்)

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமும் பாடுகிறவர்களிடமும் கேளுங்கள். அல்பத்தின் அட்டையில் ஊர்ப் பெயரும் பாடியவர்கள் பெயரும் இருக்கட்டும், வருமானத்தில் பங்கும் போகட்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்கத்தான் வேண்டும்.

வாப்பா ஆறு மாதம் தவணை தந்திருக்கிறார். அதற்குள் அல்பம் முடியுமா? (கற்பிட்டி வாசகி)

நாலு பாட்டு முடியும், மகள். பத்துக்கு ஆசைப்படாதீர்கள். வெளியே பதிய வேண்டியதை முதலில் முடித்துவிடுங்கள்: வைகாசியில் சோளகக் காற்று பிடித்துவிட்டால் கற்பிட்டியில் மைக்குக்குள் காற்று மட்டும்தான் கேட்கும். உடப்பிலும் அதற்குள் கரைவலைக் காலம் முடிந்து, பலர் முல்லைத்தீவுப் பக்கம் வாடி போடப் போய்விடுவார்கள்.