ஒலி, ஒளி: அண்ணன்

ஒரு வீட்டில் விசேஷம் என்று ஊருக்குத் தெரிவது பத்திரிகையால் இல்லை, பந்தக்காலாலும் இல்லை. விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கேட்டால்தான் தெரியும். அந்தக் குரலைப் புளியமரத்து உச்சியில் கொண்டுபோய்க் கட்டியவர் மைக்செட் அண்ணன். விடியற்காலை என்றால் சட்டத்தின் கணக்கில் 6 மணிக்கு மேல். அண்ணன் கணக்கில் நாலரை.

ஊரில் அவருக்கென்று தனிப் பெயர் கிடையாது. ரேஷன் கார்டில் இருக்கலாம். மற்றபடி அவர் மைக்செட், அவர் மனைவி மைக்செட் வீட்டுக்காரம்மா, பிள்ளை மைக்செட் பையன். கடைப் பலகையில் குலதெய்வத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘சவுண்ட் சர்வீஸ்’ என்றிருக்கும். அதற்குக் கீழே, பெயிண்டருக்கு இடம் போதாமல் எழுத்து சிறுத்துக்கொண்டே போக, சீரியல்செட், டியூப்லைட், ஜெனரேட்டர், சாமியானா, நாற்காலி. சட்டைப்பையில் டெஸ்டர், தோளில் ஒயர் சுருள், விரல் நுனியில் கறுப்பு டேப்பின் பிசுக்கு. ஒயர் தோலை அவர் பல்லால் உரிக்கும் நேர்த்தியைப் பார்க்கப் பையன்கள் கூடுவார்கள். அதை மட்டும் பிள்ளைகளே, கற்றுக்கொள்ளாதீர்கள். மறுமுனையை எவன் எங்கே செருகியிருக்கிறான் என்பது பல்லுக்குத் தெரியாது.

நெடுங்காலம் அவரிடம் இருந்தது ஓர் இரும்புப் பெட்டி ஆம்ப்ளிஃபையர். முன்னால் ஐந்தாறு திருகுகள். எந்தத் திருகு எதற்கு என்ற எழுத்தெல்லாம் எப்போதோ தேய்ந்துபோய், கைக்கு மட்டும் தெரிந்தவை. இப்போது அதன் இடத்தில் டிஜிட்டல் மிக்ஸர் ஆம்ப் வந்துவிட்டது. ப்ளூடூத், யு.எஸ்.பி., எக்கோ, சின்னத் திரை, பச்சையும் சிவப்பும் காட்டும் விளக்கு வரிசை எல்லாம் உண்டு. கூடவே பாலிடெக்னிக் படித்த அக்கா மகனும் உதவிக்கு வந்திருக்கிறான். கையேட்டை அவன் படிக்கிறான். அண்ணன் அந்தக் கையேட்டின் மேல் டீ கிளாஸை வைக்கிறார்.

“மாமா, பீக் லைட் சிவப்பா எரியுது!”

“எரியட்டும்டா. திருவிழாதானே.”

அந்தச் சிவப்பு சீரியல்செட்டில் சேர்ந்ததில்லை. எப்போதாவது ஒருமுறை மின்னி மறைந்தால் பாதகமில்லை. அணையாமல் எரிந்தால், ஆம்ப் தன் சக்திக்கு மீறிய சத்தத்தைக் கொடுக்கப் பார்க்கிறது என்று பொருள். ஒலி அலையின் தலை நறுக்கப்படும், பாட்டு கரகரக்கும், பாக்ஸில் முதலில் உயிரை விடுவது ட்விட்டர். கெயினைக் குறைத்து, பச்சையில் ஓடவிட்டு, மாஸ்டரில் சத்தத்தை வைத்துக்கொள்வதே முறை. அக்கா மகன் இதைச் சொன்னால் அண்ணன் சிரிப்பார். மறுவாரம் பழுதுபார்க்கும் கடையில் ட்விட்டருக்குக் காசு எண்ணும்போது சிரிக்கமாட்டார்.

ஆனால் அவரை லேசாக எடைபோட்டுவிட வேண்டாம். ஓம் என்றால் அவருக்குக் கோயில்தான் நினைவுக்கு வரும், இருந்தும் கணக்கு தப்பாது. “குழாய்க்கு 25 வாட், எட்டுக் குழாய் 200. ஆம்ப் 250. மிச்சம் அம்பது கை இருப்பு. பத்தாவது குழாய் கேட்டா, பக்கத்து ஊர் செட்டைத்தான் கூப்பிடணும்.” இதைவிடச் சுருக்கமாக 100 வோல்ட் லைனைப் பற்றி எந்த வாத்தியாரும் சொல்லித்தரமாட்டார். தூரத்துக் குழாய்களுக்கு அந்த முனை, மேடையோரத்து 8 ஓம் பாக்ஸுக்கு வேறு முனை. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் போவது ஆம்ப். ஆகவே பின்பக்கம் தன்னைத் தவிர யாரையும் அண்டவிடமாட்டார். அந்த இடத்துக்கு அவர் கருவறை மரியாதை கொடுக்கிறார்.

மிக்ஸரில் ஒவ்வொரு ஃபேடருக்குக் கீழேயும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருப்பார். ‘ஐயர்’, ‘நாதஸ்வரம்’, ‘தலைவர்’, ‘செல்’. தலைவர் என்ற ஃபேடர் மட்டும் எப்போதும் மற்றவற்றைவிட ஒரு விரல்கடை கீழே இருக்கும். அனுபவம்.

காரணம், தலைவர்கள் மைக்கைப் பிடிக்கும் விதம். முதலில் மூன்று தட்டு. பிறகு ஒரு ஊது. ஊதினால் மைக்குக்குள் இருக்கும் மெல்லிய படலத்துக்கு எச்சிலும் காற்றும்தான் மிச்சம், பயன் ஒன்றும் கிடையாது. அண்ணன் தானே சோதித்து வைத்ததைத்தான் தலைவர் திரும்பச் சோதிக்கிறார். (“ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ” என்பதில் நாலு வரை போன மைக்செட்காரரை நான் இதுவரை கேட்டதில்லை.) அடுத்து, கம்பி வலைத் தலையையே கைக்குள் பொத்திக்கொண்டு, நேராக ஸ்பீக்கர் பாக்ஸின் முன்னால் போய் நின்று பேசுவார். கூ…ய் என்று ஊளை கிளம்பும். கூட்டம் காதைப் பொத்தும். தலைவர் அண்ணனைப் பார்ப்பார், பார்வையிலேயே வாடகையில் பாதி பிடித்தமாகிவிடும். பாக்ஸில் வரும் சத்தம் மறுபடி மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடி பாக்ஸுக்குப் போகிறது என்பதை மேடையில் ஏறி விளக்க முடியுமா? பாக்ஸை மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து வைக்க வேண்டும் என்று அண்ணன் சரியாகத்தான் வைத்திருந்தார். ஃப்ளெக்ஸ் பேனரை மறைக்கிறது என்று பின்னால் தள்ளியது தலைவரின் ஆட்கள். புதுப் பெட்டியில் ஊளை எந்தச் சுருதியில் வருகிறதோ அதை மட்டும் தேடி வெட்டும் வசதி இருக்கிறது. தலைவரை வெட்டும் வசதி இன்னும் வரவில்லை.

எக்கோவை அண்ணன் விடமாட்டார். எக்கோ இல்லாத அறிவிப்பு அவரைப் பொறுத்தவரை உப்பில்லாத சாம்பார். திருவிழாவில் காணாமல்போன பிள்ளையின் பெயரை மூன்றுமுறை அறிவிப்பார். அது ஒன்பது முறை எதிரொலித்து, பிள்ளையின் பெயர் முருகனா முருகேசனா என்று பெற்றவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

ப்ளூடூத் வந்தது அவருக்கு ஏழரை. யூடியூபிலிருந்து எல்.ஆர். ஈஸ்வரி பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கரகம் தூக்கியவர் அருள் வந்து ஆடிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, உடனடிக் கடன் விளம்பரம் எட்டுக் குழாயிலும் முழங்கும். இன்னொரு நாள் மைக்செட் வீட்டுக்காரம்மாவின் அழைப்பு நேராகப் பெட்டிக்குள் புகுந்து, “எங்கய்யா இருக்க, கேஸ் தீர்ந்துபோச்சு” என்று நான்கு தெருவுக்குக் கேட்டது. இப்போதெல்லாம் பாட்டுக்கென்று சிம் இல்லாத தனி செல், ஏற்றிவைத்த பாட்டுகள். டிஜிட்டலில் அண்ணன் தானாகக் கற்ற முதல் பாடம் அதுதான்.

கரண்ட் விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு, இரண்டு ஒயரை மட்டும் துளையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவார். எர்த் அங்கேயே போயிற்று. பிறகு பாடகர் “மைக்ல உதட்டுக்கு ஷாக் அடிக்குது” என்றால், “செருப்புப் போட்டுக்கிட்டுப் பாடுங்க சார்” என்று மருந்து சொல்வார். ஃப்யூஸ் போனால் அதே அளவு ஃப்யூஸ் போடமாட்டார், செம்புக் கம்பி சுற்றுவார். ஃப்யூஸ் போவது பெட்டி பிழைக்கத்தான். கம்பி போகாது, பெட்டிதான் போகும். மழைத் தூறல் விழுந்தால் ஆம்பின் மேல் துண்டைப் போர்த்துவார். காற்றுத் துளை அடைபட்டு அது உள்ளேயே வெந்துபோகும். அணைக்கும்போது மாஸ்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதும், தனி மிக்ஸர் இருந்தால் ஆம்பை முதலில் அணைத்து, போடும்போது அதைக் கடைசியில் போடுவதும் இப்போது பழகிவிட்டது. ‘டொப்’ என்ற அந்த ஒரு சத்தம் எத்தனை குழாய் யூனிட்டைத் தின்றது என்று அவருக்குத்தான் தெரியும். எர்த்துக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.க்கும்தான் இன்னும் மனம் வரவில்லை. “அது அடிக்கடி ட்ரிப் ஆகுது தம்பி.” ஆகிறது என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது அண்ணே!

இத்தனைக்கும் அவர் விரும்பிச் சத்தம் வைப்பதில்லை. வீட்டுக்காரர் வருவார். “என்னப்பா, சத்தம் பத்தலையே? அடுத்த தெருவுல கேக்கலங்கிறாங்க.” சம்பந்தி வருவார், பங்காளி வருவார். அண்ணன் முகத்தைச் சுளிக்காமல் மாஸ்டர் திருகில் விரலை வைப்பார். திருப்பமாட்டார், வைப்பதோடு சரி. “ஆங், இப்பத்தான் கணீர்னு இருக்கு” என்று சம்பந்தி திருப்தியாகப் போவார். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. திருவிழாவுக்கு அரசு நினைத்தால் 12 மணி வரை விடலாம், அதுவும் ஆண்டில் 15 நாளுக்கு மேல் கிடையாது. ஆனால் போலீஸ் வந்தால் வீட்டுக்காரர் கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஸ்டேஷனுக்கு ஆட்டோ ஏறுவது ஆம்ப், கூடவே அண்ணன்.

ஆகையால் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மைக்செட் சொல்லும்போது, எர்த்தோடு ஒரு நல்ல மூன்று பின் பிளக் பாயின்ட்டை முதலில் தயார் செய்து வையுங்கள். பிறகு அவரிடம் போய் சத்தத்தை ஏற்றச் சொல்லாதீர்கள். பாட்டு நிற்கக் கூடாது என்பதால் கடைசிப் பந்தியில்தான் அவர் உட்காருவார், அதற்குள் பாயசம் தீர்ந்திருக்கும். முன்பே ஒரு டம்ளர் எடுத்து அனுப்பிவிடுங்கள். ஆம்பின் மேல் வைக்காமல், அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.